பழக்கமா, அடிமையா? ஒரு வார்த்தைக்கு 24 வருஷம்

சிகரெட்டை விட முடியாமல் தவிக்கிறவரிடம் நாம எல்லாரும் சொல்ற ஒரு வசனம் உண்டு: "மனசு வெச்சா விட்டுடலாம், அது வெறும் பழக்கம்தானே." அந்த 'வெறும் பழக்கம்' என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது, அதனால யாருக்கு லாபம்? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறேன்.

முதல்ல ஒரு எலி. கனடாவின் மான்ட்ரியல் நகரம், மெக்கில் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகினார்கள். குறி தப்பி, அது வேறொரு இடத்தில் போய் இறங்கிவிட்டது. பெட்டியின் எந்த மூலையில் லேசான மின்சாரம் கொடுத்தார்களோ, அந்த மூலைக்கே எலி திரும்பத் திரும்ப வந்தது. எலியே அழுத்திக்கொள்ளும்படி ஒரு லீவரை வைத்தார்கள். மணிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அழுத்திய எலிகளும் உண்டு. 1954-ல் இது கட்டுரையாக வந்தது. மூளையின் 'வெகுமதி அமைப்பு' பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்துதான் வேகம் பிடித்தது.

பசிக்குச் சாப்பிட்டால், நண்பர்களைப் பார்த்தால், "இது நல்லது, மறுபடி செய்" என்று மூளையைப் பழக்குவது இந்த அமைப்பு. அதில் டோபமைன் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. சிகரெட் புகையை இழுத்ததும் 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய், நரம்பு செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும். டோபமைன் சுரக்கும். ஒரு சிகரெட்டுக்கு பத்து இழுப்பு, ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் என்று வைத்தால், தினமும் 200 தடவை மூளைக்கு இந்தப் பாடம் நடக்குது. நாளாக ஆக அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடும். நிகோடின் வராவிட்டால் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை.

இந்த விவரமெல்லாம் 1964-ல் தெரியாது. அந்த வருஷம் ஜனவரி 11 அன்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, புகைபிடித்தால் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் என்று சொன்ன புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். ஆனால் அதே அறிக்கை, புகைபிடிப்பது 'அடிமையாதல்' இல்லை, 'பழக்கம்' என்றது. அன்றைய வரையறையில் அடிமை என்றால் ஹெராயின் மாதிரி போதைப்பொருள்தான்.

இங்கதான் கவனிக்கணும். அதற்கு ஆறு மாதம் முன்பே, 1963 ஜூலையில், பிரவுன் அண்ட் வில்லியம்சன் சிகரெட் நிறுவனத்தின் தலைமை வழக்கறிஞர் அடிசன் யேமன், நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள், நாம் விற்பதும் அதைத்தான் என்று உள்ளுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பு வெளியே வர 1994 ஆனது.

1980-களின் தொடக்கத்தில் பிலிப் மோரிஸ் ஆய்வகத்தில் விக்டர் டிநோபிள் என்ற விஞ்ஞானி, எலிகள் தாங்களாகவே லீவரை அழுத்தி நிகோடினை ஏற்றிக்கொள்வதைக் கண்டார். கட்டுரையை வெளியிட நிறுவனம் விடவில்லை. 1984-ல் ஆய்வகமே மூடப்பட்டது. வேடிக்கை என்னன்னா, அதே 1984-ல்தான் அமெரிக்க அரசு நிகோடின் சூயிங் கம்முக்கு மருந்தாக அனுமதி கொடுத்தது. அந்த கம் சுவீடனில் பிறந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்ததைக் கேள்விப்பட்டு, ஓவே ஃபெர்னோ என்பவர் 1960-களின் இறுதியில் தொடங்கிய வேலை அது.

'அடிமை' என்ற வார்த்தை அதிகாரபூர்வமாக வந்தது 1988-ல். நிகோடின், ஹெராயினும் கொக்கெய்னும் போலவே அடிமைப்படுத்துகிறது என்றார் அன்றைய சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப். 1964-லிருந்து 24 வருஷம்! அதுக்குப் பிறகும் 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு சிகரெட் நிறுவனத் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்தாது என்றே நம்புவதாகச் சொன்னார்கள்.

ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு போராட்டம்? 'பழக்கம்' என்றால் பொறுப்பு முழுக்கப் புகைப்பவருடையது. "அவரே விரும்பித்தானே பிடித்தார்" என்று நிறுவனங்கள் நீதிமன்றத்தில் வாதாட முடிந்தது. 'அடிமை' என்றால், விற்றவரிடமும் கேள்வி வரும்.

அடிமை என்றதும் "அப்போ விடவே முடியாதா?" என்று நினைச்சுடாதீங்க. அமெரிக்காவில் இன்று புகைக்கிறவர்களைவிட, புகைத்து விட்டவர்கள் அதிகம். ஏற்பிகளின் எண்ணிக்கை சில வாரங்களில் குறைந்து பழைய நிலைக்குத் திரும்புது. முதல் வாரம்தான் ரொம்பக் கடினம். கம், பேட்ச் போன்றவை நிகோடினை மெதுவாகக் கொடுக்கும். அந்த 10 விநாடி வேகம் அதில் இல்லை. வெற்றி வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகுது.

அதனால, மூணாவது தடவை விட்டு மறுபடி தொடங்கின நண்பரிடம் அந்தப் பழைய வசனத்தைச் சொல்லாதீங்க. அவர் மனசு பலவீனமானது இல்லை, மூளை பாடம் படிச்சிருக்கு. நம்ம ஊர் சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும் இலவச எண்ணைக் காட்டுங்க: 1800-11-2356. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.