கிங் ராஞ்ச்

அமெரிக்காவின் தென் டெக்சாஸில், நீராவிப் படகுத் தலைவரான ரிச்சர்ட் கிங் 1853இல் நிலம் வாங்கித் தொடங்கிய குடும்பக் கால்நடைப் பண்ணை. 1885இல் அவர் இறந்தபோது, பரந்த நிலத்தோடு ஏறத்தாழ 5 லட்சம் டாலர் கடனும் மனைவி ஹென்ரியெட்டாவின் பொறுப்பில் வந்தது. மருமகன் ராபர்ட் கிளெபெர்க் நிர்வாகத்தை ஏற்றார்.

பண்ணையின் பரப்பைவிட அதன் இனவிருத்திப் பணியே பெரிய சாதனை. இறைச்சிக்குப் பேர்போன ஷார்ட்ஹார்ன் மாடுகள் டெக்சாஸ் வெயிலையும் உண்ணியையும் தாங்கவில்லை. எனவே, இந்தியத் திமில் மாடுகளின் வழிவந்த பிராமன் இனத்தோடு அவற்றைக் கலந்தனர். பிராமனின் மூதாதைகளுள் நம் ஓங்கோல் மாடும் ஒன்று. இந்தக் கலப்பில் 1920இல் பிறந்த ‘மங்கி’ என்னும் செந்நிறப் பொலிகாளையின் வழித்தோன்றல்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியதில் சான்டா கெர்ட்ரூடிஸ் இனம் உருவானது. அதில் எட்டில் ஐந்து பங்கு ஷார்ட்ஹார்ன், மீதி பிராமன். அமெரிக்க வேளாண் துறை 1940இல் அதை அங்கீகரித்தது.

1925இல் ஹென்ரியெட்டா மறைந்தபின் வாரிசு வரியும் கடனும் நெருக்கின. நிலமும் வாரிசுகளிடையே பிரிந்தது. 1933இல் கையெழுத்தான எண்ணெய்க் குத்தகையே பண்ணையைக் காத்தது. மாட்டு வருமானம் மட்டும் அதற்குப் போதுமானதாக இருந்திருக்காது. பின்னர் பண்ணை ஆஸ்திரேலியா, பிரேசில் என விரிந்தது. கியூபாவிலிருந்த அதன் நிலத்தை அந்நாட்டுப் புரட்சி அரசு எடுத்துக்கொண்டது.