எந்தப் பாறையின் மேல்?

1519ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று விட்டன்பர்க்கிலிருந்து புறப்பட்ட வண்டிகள் லைப்சிக் நகருக்குள் நுழைந்தன. மார்ட்டின் லூத்தரும் அவருடைய சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட்டும் ஒரு விவாதத்துக்காக அவற்றில் வந்தார்கள். இருபுறமும் சுமார் 200 மாணவர்கள் ஆயுதங்களோடு நடந்து வந்தார்கள். எதிர்வாதியான யோகான் எக் ஏற்கெனவே வந்து தங்கியிருந்தார். அவருக்கு நகர மன்றம் இரவும் பகலும் காவல் போட்டிருந்தது. விட்டன்பர்க் மாணவர்கள் தாக்கிவிடக்கூடும், கூட்டத்தில் பொஹீமியர்கள் கலந்திருக்கக்கூடும் என்பது மன்றத்தின் பயம். இந்தப் பொஹீமியர்கள் யார் என்பது சற்று நேரத்தில் தெரியும்.

பாவ தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லிக் காசுக்கு விற்கப்பட்ட சீட்டுகளை எதிர்த்து லூத்தர் 95 கருத்துகளை எழுதி இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. அதற்குள் பேச்சு காசை விட்டு நகர்ந்து, அந்தச் சீட்டுக்கு உத்தரவு கொடுத்த போப்பின் அதிகாரத்துக்கு வந்துவிட்டது. அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் எக். இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர் நினைவாற்றலில் அசகாயசூரர். ரோமத் திருச்சபையின் தலைமை தொடக்கம் முதலே இருந்தது என்று அவர் அறிவித்தார். லூத்தர் பதிலுக்கு ஒரு கருத்தை எழுதி வெளியிட்டார். ரோமின் தலைமைக்கு ஆதாரம் கடந்த 400 ஆண்டுகளில் போப்புகள் பிறப்பித்த ஆணைகள் மட்டுமே. அதற்கு எதிராக 1,100 ஆண்டு வரலாறும், விவிலியமும், நைசீயாவில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கத்தின் தீர்மானமும் நிற்கின்றன என்றார். நண்பர்களே அதிர்ந்துபோனார்கள்.

சாக்சனி கோமகன் ஜார்ஜ் தமது பிளைசன்பர்க் கோட்டையில் மண்டபத்தை ஒதுக்கிக் கொடுத்தார். விவாதத்தை இறையியல் ஆசிரியர்கள் விரும்பாதபோதும் நடத்தியே தீருவேன் என்று நின்றவர் அவர். ஜூன் 27 அன்று தாமஸ் ஆலயத்தில் பூசையோடு விவாதம் தொடங்கியது. முதல் வாரம் எக்கும் கார்ல்ஸ்டாட்டும் மனிதனின் சுயவிருப்பம் பற்றி வாதிட்டார்கள். ஜூலை 4 காலையில் லூத்தர் எழுந்தார். நேரில் பார்த்த மொசெல்லானுஸ் என்பவர் இருவரையும் வர்ணித்திருக்கிறார். லூத்தர் எலும்புகளை எண்ணிவிடலாம் போல மெலிந்த உருவம், தெளிவான குரல், கையில் ஒரு பூச்செண்டு. எக்கோ நல்ல உயரம், கட்டுமஸ்தான உடம்பு, மண்டபத்தை நிறைக்கும் சாரீரம்.

மத்தேயு நற்செய்தியின் 16ஆம் அதிகாரம், 18ஆம் வசனம்தான் விவாதத்தின் மையம். பாறையின் மேல் தம் சபையைக் கட்டப்போவதாகப் பேதுருவிடம் இயேசு சொல்லும் இடம் அது. எந்தப் பாறை? பேதுருவே அந்தப் பாறை, அவருடைய வாரிசே போப் என்றார் எக். தலை இல்லாத சபை சிதறிப்போகும், அதனால்தான் பன்னிருவரில் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று புனித ஜெரோமைச் சாட்சிக்கு அழைத்தார்.

லூத்தரோ, பாறை என்பது கிறிஸ்துவே, அவர்மீது பேதுரு அறிக்கையிட்ட விசுவாசமே என்றார். கிறிஸ்துவைத் தவிர வேறு அஸ்திவாரம் இல்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைக் காட்டினார். அவர் பக்கம் அகஸ்டின் இருந்தார். ஆனால் அகஸ்டின் இரண்டு விதமாகவும் விளக்கம் சொன்னவர். முதுமையில் தம் எழுத்துகளைத் திருத்தியபோது, எது பொருத்தம் என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். திருச்சபையின் மிகப்பெரிய ஆசான் ஒருவர் திறந்தே வைத்துவிட்டுப் போன கேள்வியை, பின்னால் வந்தவர்கள் முடிந்துபோனதாக நடத்தினார்கள். என் பார்வையில் லூத்தரின் உண்மையான பலம் இந்த இடத்தில்தான் இருந்தது.

முதல் நூற்றாண்டு போப் அனாக்லெட்டஸ் எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதத்தை எக் எடுத்து வைத்தார். அது உண்மையானதாகத் தோன்றவில்லை என்றார் லூத்தர். அவர் சந்தேகம் சரி. அந்தக் கடிதம் ஒன்பதாம் நூற்றாண்டில் புனையப்பட்டது என்பதைப் பிற்காலக் கத்தோலிக்க அறிஞர்களும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்து லூத்தர் கிழக்கே கை காட்டினார். கிரேக்கத் திருச்சபை ரோமின் ஆட்சியில் இருந்ததில்லை. அப்படியானால் கிழக்கின் புனிதர்களான பசிலும் நசியான்சுஸ் கிரகோரியும் நரகத்துக்கா போனார்கள்? இதற்கு எக்கிடம் வலுவான பதில் இருக்கவில்லை. இவ்வளவுக்கும் போப்பை ஒழிக்க வேண்டும் என்று லூத்தர் அன்று சொல்லவில்லை. அரசருக்குக் கீழ்ப்படிவதைப் போல அவருக்கும் கீழ்ப்படியலாம். ஆனால் அது மனிதர் செய்த ஏற்பாடு, கடவுள் இட்ட கட்டளை அல்ல என்பதே அவர் வாதம்.

ஜூலை 5 அன்று எக் தம் பொறியை விரித்தார். இதையெல்லாம் பொஹீமியாவின் யான் ஹுஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டார், கான்ஸ்டன்ஸ் சங்கம் கண்டனம் செய்துவிட்டது என்றார். ஹுஸ் அந்தச் சங்கத்தின் தீர்ப்பால் 1415 ஜூலை 6 அன்று உயிரோடு எரிக்கப்பட்டவர். லைப்சிக்கில் அந்தப் பெயர் சாதாரணமானதல்ல. ஹுஸ் காலத்தில் பிராக் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறிய ஜெர்மானியர்களால் 1409இல் உருவானதே லைப்சிக் பல்கலைக்கழகம். ஹுஸ் வழியினரான பொஹீமியர்களோடு நடந்த போர்களில் சாக்சனி மிகவும் அடிபட்டது. கோமகன் ஜார்ஜுக்கு அது குடும்ப வடுவும்கூட. அவருடைய தாய்வழித் தாத்தா போடெப்ராட், ஹுஸ் வழியில் நின்றதற்காகப் போப்பால் விலக்கிவைக்கப்பட்ட பொஹீமிய அரசர்.

லூத்தர் முதலில் கோபத்தோடு மறுத்தார். மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய்க் கான்ஸ்டன்ஸ் சங்கத்தின் ஆவணங்களைப் படித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். திரும்பி வந்து, கண்டிக்கப்பட்ட ஹுஸின் கூற்றுகளில் பல முழுக்கக் கிறிஸ்தவமானவை, நற்செய்திக்கு இசைந்தவை என்றார். கோமகன் ஜார்ஜ் இடுப்பில் கைகளை ஊன்றி, தலையை ஆட்டி, மண்டபமே கேட்கச் சபித்தார்.

அவருடைய கலக்கத்துக்குக் காரணம் உண்டு. போப்புக்கும் மேலே பொதுச்சங்கம் இருக்கிறது என்று நம்பியவர்கள் அன்று ஏராளம். ஒரே சமயத்தில் மூன்று போப்புகள் உரிமை கொண்டாடிய குழப்பத்தைத் தீர்த்ததே அதே கான்ஸ்டன்ஸ் சங்கம்தான். சங்கமும் தவறக்கூடும் என்று லூத்தர் சொன்னதும், மேல்முறையீடு செய்ய விவிலியம் ஒன்றுதான் மிச்சம். அதை யார் வாசித்துப் பொருள் சொல்வது? எக் கேட்டதன் சாரம் இதுதான். எக்கை வெறும் வில்லனாகக் காட்டுவது நியாயமில்லை. பத்தே ஆண்டுகளில் மார்பர்க் நகரில் லூத்தரும் சுவிஸ் சீர்திருத்தக்காரர் ஸ்விங்லியும் நற்கருணை பற்றிய ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு ஒத்துப்போக முடியாமல் பிரிந்தபோது, எக் எழுப்பிய கேள்வி சீர்திருத்தக்காரர்கள் மத்தியிலேயே வந்து நின்றது. அதே சமயம், புனையப்பட்ட கடிதங்களையும் எரிக்கப்பட்ட மனிதர் ஒருவரையும் காட்டி ஒரு கேள்வியை மூடிவிட முடியாது என்று லூத்தர் நின்றாரே, அந்தத் துணிவுக்கு என் மரியாதை என்றும் உண்டு.

ஜூலை பாதியில் விவாதம் முடிந்தது. பிராண்டன்பர்க் இளவரசர் வருகைக்காகக் கோமகனுக்கு மண்டபம் தேவைப்பட்டது. தீர்ப்புச் சொல்ல வேண்டியவை எர்ஃபர்ட், பாரிஸ் பல்கலைக்கழகங்கள். எர்ஃபர்ட் மறுத்துவிட்டது. பாரிஸ் 1521இல் லூத்தரின் நூல்களைக் கண்டித்ததே தவிர, லைப்சிக் விவாதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

எக் அதுவரை காத்திருக்கவில்லை. ரோமுக்குப் பயணமானார். போப் பத்தாம் லியோ 1520 ஜூன் 15 அன்று வெளியிட்ட ஆணை லூத்தரின் 41 கூற்றுகளைக் கண்டித்தது. 25ஆவது, பேதுருவின் வாரிசுக்கு எல்லாத் திருச்சபைகள் மீதும் கிறிஸ்துவே அதிகாரம் தரவில்லை என்பது. 30ஆவது, ஹுஸின் கூற்றுகளைப் பற்றியது. திரும்பப் பெற 60 நாள் கெடு. அந்த ஆணையை ஜெர்மனியின் பல பகுதிகளுக்கு எடுத்துச் செல்லும் பொறுப்பு எக்குக்குத் தரப்பட்டது. போன இடமெல்லாம் அவருக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.