கிரைண்டர் மாவை மட்டும்தான் ஆட்டியது

போன சனிக்கிழமை எங்கள் வீட்டுக் கிரைண்டரின் பெல்ட் அறுந்துவிட்டது. போபாலில் மிக்சி ரிப்பேருக்கு ஆள் கிடைப்பார். கிரைண்டரைக் கொண்டுபோனால் "இது என்ன மெஷின், சார்?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்து, இரவெல்லாம் காலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே கொண்டுவந்த சாமான் அது. ஊறிய அரிசியும் உளுந்தும் காத்திருக்க, தங்கமணி முகத்தில் கலவரம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா மட்டும் சிரித்தார். "இதுக்கே இப்படியா கண்ணு?"

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

எங்களுக்கு உடுமலைப்பேட்டை. அப்போது கோவை மாவட்டம், 2009 முதல் திருப்பூர். என் அப்பத்தா காலத்தில் இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் களியும் கம்மஞ்சோறும். அம்மா 1975-இல் கல்யாணமாகி வந்தபோது வாரம் இரண்டு நாள் மாவாட்டுவது என்ற அளவுக்கு வந்திருந்தது. புழக்கடையில் ஆட்டுக்கல். ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை மாவைத் தள்ளிவிட, தடவைக்கு ஒன்றரை மணி நேரம்.

கணக்கு பார்ப்பது தொழில் என்பதால் (திட்டாதீர்கள்) போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு முறை, 14 வருடம். சுமார் 1,450 தடவை. ஏறக்குறைய 2,180 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 270 நாளுக்கு மேல். வங்கியில் ஒரு முழு வருடம் வேலை பார்த்தாலும் அத்தனை நாள் வராது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. மிச்சம், வலது தோளில் இன்றைக்கும் இருக்கும் வலி.

இத்தனைக்கும் வழி பக்கத்து ஊரிலேயே இருந்தது. கோவையில் பி. சபாபதி என்பவர் 1955-இல் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்துவிட்டார். ஆட்டுக்கல்லில் கல் அசையாது, குழவியைக் கை சுற்றும். அவர் அதைத் தலைகீழாக்கினார். மோட்டார் கல்லைச் சுற்றும், குழவி இடம் மாறாமல் நிற்கும். இது கோவையில் பிறந்ததில் ஆச்சரியமில்லை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின, வார்ப்படப் பட்டறைகளும் மோட்டார், பம்ப்செட் கம்பெனிகளும் வந்தன. கருங்கல்லும் கல் கொத்துகிறவர்களும் பக்கத்திலேயே. 2005-06-இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியது.

ஆனால் 1955-இல் கோவையில் பிறந்த பொருள் உடுமலையில் எங்கள் வீட்டுக்கு வர 34 வருடம் ஆனது. அப்பா காசில்லாதவர் அல்ல. "கல்லுல ஆட்டுன ருசி வராது" என்பார். ருசி அவருக்கு, தோள்வலி அம்மாவுக்கு. கடைசியில் 1989-இல் அம்மாவே சீட்டுப் பணத்தை எடுத்து வாங்கினார். முதல் இட்லியைத் தின்றுவிட்டு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு கேட்டார், அவ்வளவுதான்.

மிச்சமான நேரத்தில் அம்மா தையல் கற்றுக்கொண்டார். நான் பி.காம். படித்த ஃபீஸில் பாதி பக்கத்து வீட்டு ஜாக்கெட்டுகள் கொடுத்தது. "கிரைண்டர்தான் உங்களை விடுதலை செய்தது" என்று போன சனிக்கிழமை பெரிய மனுஷத் தோரணையில் சொன்னேன்.

அம்மா சொன்னார்: "கிரைண்டர் மாவைத்தான் ஆட்டுச்சு கண்ணு. தோசையை யாரு ஊத்துனது?"

எனக்குச் சுருக்கென்றது. 1996-இல் ஃபிரிட்ஜ் வந்தது. மாவு வாரக் கணக்கில் இருக்கும் என்றானது. பிறகு காலையில் இட்லி, இரவில் தோசை, தினமும். அப்பாவும் நானும் தங்கையும் ஒவ்வொரு நேரத்துக்கு வருவோம், ஆளுக்கொரு தடவை அடுப்பைப் பற்றவைப்பார். தையல் மெஷினுக்குத் துணி போட்டு மூடியது அந்த வருடங்களில்தான். அதை அன்று நான் கவனிக்கவே இல்லை.

பிறகு 2011 செப்டம்பரில் தமிழக அரசு ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், ஃபேன் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்தது. ஆட்டுக்கல்லோடு மல்லுக்கட்டிய எத்தனையோ வீடுகளுக்கு அது பெரிய விஷயம். அதே காலத்தில் ஊரில் தினம் பல மணி நேரம் பவர்கட். கிரைண்டர் இருக்கும், கரண்ட் இருக்காது. வரியைக் கேட்டால் இன்னும் வேடிக்கை. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 28 சதவீதம், அதே வருடம் 12, 2019-இல் 5, 2022 ஜூலையில் 18!

மெஷின் வேலையைக் குறைக்கும், உண்மைதான். மிச்சமாகும் நேரம் யார் கணக்கில் வரவாகும் என்பதை மெஷின் முடிவு செய்வதில்லை, வீட்டில் இருக்கும் நாம்தான் முடிவு செய்கிறோம். எங்கள் வீட்டில் அந்த வரவு நெடுநாள் அப்பா கணக்கிலும் என் கணக்கிலும்தான் ஏறியது.

பெல்ட் கோவையிலிருந்து கூரியரில் வந்துவிட்டது. மாட்டிவிட்டேன். ஒரு புது விதியும் போட்டாயிற்று: இரவு தோசை என்றால் ஊற்றுவது நான். முதல் நாள் ஊற்றியது மத்தியப் பிரதேச மேப் மாதிரி வந்தது. அம்மா உட்கார்ந்து, சூடாக, மூன்று சாப்பிட்டார். அவர் உட்கார்ந்து சூடான தோசை சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டில் கடைசித் தோசை யாருக்கு, மக்களே?