எஞ்சின் அறையிலிருந்து ஒரு குரல்

தொலைக்காட்சித் தொடரில் துணைப் பாத்திரம் என்பது கதையைத் தான் நடத்தாமல், நடத்துவோருக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் செய்துகொடுத்து ஒதுங்கிக்கொள்ளும் பாத்திரமாகும். 1966 செப்டம்பர் 8 முதல் 1969 ஜூன் 3 வரை அமெரிக்காவின் என்.பி.சி. 79 பகுதிகளாக ஒளிபரப்பிய 'ஸ்டார் டிரெக்' தொடரில், எண்டர்பிரைஸ் விண்கலத்தின் தலைமைப் பொறியாளர் மாண்ட்கோமரி ஸ்காட் அப்படிப்பட்ட ஒருவர். கேப்டன் கிர்க் ஏதேனும் ஒரு கோளில் ஆபத்தில் சிக்கியிருக்க, மேலே கலத்தின் எஞ்சினைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே இவரது வேலை. எழுத்தில் இவ்வளவு சிறிதாக இருந்த பாத்திரம் நிலைத்துப் போனதற்கு, அதை ஏற்ற ஜேம்ஸ் டூஹனின் குரலையே முதற்காரணமாகச் சொல்ல வேண்டும்.

அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1920 மார்ச் 3 அன்று கனடாவின் வான்கூவரில் பிறந்த டூஹன், இரண்டாம் உலகப்போரில் கனடிய பீரங்கிப் படையின் அதிகாரியாக, 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஜூனோ கடற்கரையில் இறங்கினார். பகற்போரில் உயிர் தப்பிய அவரை, அன்றிரவு காவல்நிலைகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தபோது, பகைவரென்று மயங்கிய சொந்தப் படைக் காவலன் ஒருவனே சுட்டான். ஆறு குண்டுகளில் நான்கு காலில் பாய்ந்தன. மார்பை நோக்கி வந்த ஒன்றை, சட்டைப்பையில் இருந்த வெள்ளி சிகரெட் பெட்டி தடுத்தது. மற்றொன்று வலது கையின் நடுவிரலைக் கொண்டுபோயிற்று.

போருக்குப்பின் அவர் தேர்ந்துகொண்டது நடிப்புத் தொழில். நியூயார்க்கின் நெய்பர்ஹுட் பிளேஹவுஸ் பள்ளியில் பயின்று, கனடிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஏராளமான வேடங்களை ஏற்றார். வானொலி நாடகத்தில் நடிகனுக்கு முகமும் கையும் கணக்கில்லை. தேவைப்பட்டால் கிழவன், கப்பல்காரன், அயல்நாட்டான் என்று ஒரே நாடகத்தில் குரலை மாற்றி மாற்றிப் பேச வேண்டியிருக்கும். இந்தப் பயிற்சிதான் பிற்காலத்தில் அவருக்குச் சோறு போட்டது.

தொடரைத் தயாரிக்கலாமா என்று முடிவு செய்வதற்காக முன்கூட்டியே எடுத்துப் பார்க்கும் மாதிரிப் பகுதி, ஸ்டார் டிரெக்குக்கு இரண்டுமுறை எடுக்கப்பட்டது. இரண்டாவதற்கான தேர்வில், பலவகை ஆங்கிலப் பேச்சு வழக்குகளில் வசனத்தைப் பேசிக்காட்டிய டூஹனிடம், எது பொருந்தும் என்று கேட்கப்பட்டபோது, பொறியாளர் என்றால் அவர் ஸ்காட்லாந்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். நீராவிக் கப்பல் காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைக் கப்பற்கட்டுந்துறைகளும், அங்கிருந்து உலகெங்கும் கடலோடிய எஞ்சின் அறைப் பொறியாளர்களும் பெற்றிருந்த பெயரை நினைத்தால், அந்தத் தேர்வு விளையாட்டாகச் செய்யப்பட்டதன்று என்பது விளங்கும். பாத்திரத்தின் முதற்பெயரான மாண்ட்கோமரி, டூஹனின் நடுப்பெயரே.

விரலில்லாத கை திரையில் தெரியாதபடி அவர் கவனமாகவே நின்றார். ஆட்களை ஆற்றலாக்கிக் கீழே கோளுக்கு அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் கருவியை இயக்குபவர் பல சமயங்களில் ஸ்காட்தான் என்பதால், கருவியின் மீது விரல்கள் நகரும் அண்மைக் காட்சிகளில் வேறொருவரின் கை பயன்படுத்தப்பட்டது. எனினும் 1967 டிசம்பரில் ஒளிபரப்பான 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்' பகுதியில், டிரிபிள் என்னும் மயிரடர்ந்த உருண்டைப் பிராணிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு நிற்கும்போது அந்தக் குறை வெளிப்பட்டுவிடுகிறது.

பாத்திரத்தின் உள்ளியல்பும் அதே பகுதியில்தான் துலங்குகிறது. கிளிங்கான் என்னும் வேற்றுக்கோள் இனத்தவர் கேப்டனைக் கேவலமாகப் பேசும்போது பொறுத்துக்கொள்ளும்படி உடனிருப்பவரைத் தடுக்கும் ஸ்காட், அவர்கள் எண்டர்பிரைஸைக் குப்பை சுமக்கும் கலம் என்று பழித்ததும் முதல் அடியைத் தாமே கொடுக்கிறார். பின்னர் கிர்க் விசாரிக்கையில், கேப்டனின் மானத்தைவிடக் கலத்தின் மானமே பெரிதாகப் பட்டதைத் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்ளும் காட்சி, துணை நடிகர் ஒருவர் சில வரிகளில் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல சான்று.

தொடர் நின்றபின் அந்தக் குரலே அவருக்குத் தடையாயிற்று. ஸ்காட்டாகவே அடையாளம் காணப்பட்ட அவருக்கு வேறு வேடங்கள் அரிதாயின. ஆயினும் 1973-74இல் வெளிவந்த அசைபடத் தொடரில் ஸ்காட்டுடன் வேறு பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார். 1979இல் வெளியான முதல் ஸ்டார் டிரெக் திரைப்படத்தின் தொடக்கத்தில் கிளிங்கான்கள் பேசும் சில சொற்களின் ஒலிகளை அமைத்தவரும் அவரே; மொழியியலறிஞர் மார்க் ஓக்ராண்ட் பின்னாளில் இலக்கணமும் அகராதியும் கொண்ட மொழியாக வளர்த்தெடுத்தது அந்தச் சொற்களிலிருந்துதான். மில்வாக்கி பொறியியல் பள்ளி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. ஸ்காட்டைப் பார்த்துப் பொறியியலுக்கு வந்ததாகச் சொன்ன மாணவர்கள் அங்கே பலர்.

2005 ஜூலை 20 அன்று அவர் காலமானார். அஸ்தியின் ஒரு சிறு பகுதி 2012 மே மாதம் ஃபால்கன் 9 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. ஆனால் மூலத் தொடர் ஓடிய மூன்று பருவங்களிலும் டூஹனின் பெயர் தொடக்கத் தலைப்பில் ஒருமுறையும் வரவில்லை. கதை முடிந்தபின் ஓடும் பட்டியலில்தான் அது இருந்தது.