லியோன் தறிக்காரரும் லாஸ்பேட்டைக் கணினிக்காரரும்

பிரான்சு தேசத்தில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர்களுக்குக் 'கனூ' என்று பெயர். எழுதும்போது கடைசியில் ஒரு 'த்' வரும், உச்சரிக்கும்போது அதை விட்டுவிட வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் பாடப் புத்தகத்தில் ழக்கார் என்ற மேதையும் அவருடைய தறியும் இருந்தார்கள். அந்தத் தறியில் உட்கார்ந்து நெய்த கனூக்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவர்களைப் பற்றிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது 1831-ஆம் ஆண்டுக் கதையா, அல்லது இன்று வீட்டிலேயே உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நம் பிள்ளைகளின் கதையா என்ற சந்தேகம் வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு வந்து வேலையெல்லாம் போய்விடும் என்று ஊரெல்லாம் பேசும் இந்த நேரத்தில், அந்தப் பழைய கணக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

முதலில் தறியைச் சொல்லிவிடுகிறேன். காஞ்சிபுரத்தில் 'ஜக்கார்டு பெட்டி' என்கிறார்களே, அது இந்த ழக்கார் பெயரில் வந்ததுதான். பட்டில் பூவும் கொடியும் விழ வேண்டுமானால், ஒவ்வொரு முறை நாடா ஓடும்போதும் பாவு இழைகளில் சிலவற்றை மட்டும் மேலே தூக்க வேண்டும். அதற்காகத் தறியோடு ஒரு பையனோ பெண்ணோ நாள் முழுவதும் கயிறுகளை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கயிறு இழுப்பதை இயந்திரத்திடம் விட ழக்காருக்கு முன்பே பூஷோன், ஃபால்கோன், வோகான்சோன் என்று சிலர் முயன்றார்கள். அவர்கள் செய்ததையெல்லாம் சேர்த்து 1804-ஆம் ஆண்டு வாக்கில் ழக்கார் ஒரு கருவியை உருவாக்கினார். ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய் இழை மேலே எழும், இல்லாத இடத்தில் எழாது. அவ்வளவுதான் சூட்சுமம். நெப்போலியன் அரசு அதைப் பொதுச் சொத்தாக்கி, ழக்காருக்கு ஓய்வூதியமும் கொடுத்தது.

இந்த ஓட்டை அட்டையின் வம்சாவளி சுவாரசியமானது. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டையைத்தான் பயன்படுத்தத் திட்டமிட்டார். சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ழக்காரின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் என்பவர் ஓட்டை அட்டை இயந்திரங்களைச் செய்து கொடுத்தார். அவருடைய கம்பெனிதான் பின்னாளில் வேறு சிலவற்றோடு சேர்ந்து ஐ.பி.எம். ஆனது. ஆக, நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்த அட்டைதான் கணினிக்குப் பாட்டன். இன்று அந்தப் பேரப்பிள்ளை, தனக்குச் சோறு போட்ட கணினிக்காரரின் வேலையிலேயே கை வைக்கிறான்.

தறி வந்ததும் முதலில் வேலை இழந்தவர்கள் கயிறு இழுத்த பிள்ளைகள். நெசவாளர்களுக்கு வேலை போகவில்லை. பூவேலைப் பட்டு முன்பைவிட வேகமாக நெய்ய முடிந்தது, தறிகள் பெருகின. அட்டையில் ஓட்டை போடுபவர், இயந்திரம் செய்பவர், பழுது பார்ப்பவர் என்று புதுத் தொழில்களும் வந்தன. புதுத் தறி உயரமானது என்பதால் குருவா-ரூஸ் என்ற மேட்டுப் பகுதியில் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரக் கூரையோடு வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளை இன்றும் பார்க்கலாம். இத்தோடு கதையை நிறுத்தினால் 'இயந்திரத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை' என்று சொல்லிவிடலாம். ஆனால் கதை நிற்கவில்லை.

கனூ என்பவர் ஆலைத் தொழிலாளி அல்ல, இதைக் கவனிக்க வேண்டும். தறி அவருடையது, வீட்டு வாடகை அவருடையது, விளக்குக்கு எண்ணெயும் அவருடையது. தறி வாங்கிய கடனும் அவருடையதுதான். வியாபாரி பட்டு நூலையும் டிசைனையும் கொடுத்துவிட்டுப் போவார். நெய்து கொடுத்தால் இத்தனை அளவுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் பாதி, கூட உட்கார்ந்து நெய்யும் உதவியாளுக்குப் போகும். ஆர்டர் இல்லாத மாதத்தில் வியாபாரிக்கு ஒரு செலவும் கிடையாது. இன்று 'ஃப்ரீலான்ஸ்' என்று சொல்கிறோமே, அது எழுத்துக்கு எழுத்து இதுதான்.

இப்படிச் சுமார் 8,000 பட்டறைக்காரர்கள் லியோனில் இருந்தார்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவர் குறைந்த கூலிக்கு நெய்வார் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். ஆகவே கூலி இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாளில் பதினைந்து மணி நேரம் நெய்தும் குடும்பம் நடத்த முடியாத நிலை வந்தது. அப்போது கனூக்கள் கேட்டது என்ன? இயந்திரத்தை உடைக்கிறேன் என்று அவர்கள் கிளம்பவில்லை. இதைத் தப்பாக எழுதுபவர்கள் பலர். அவர்கள் கேட்டது ஒரு 'தரீஃப்'. அதாவது, இதற்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது என்று ஒரு கூலிப் பட்டியல். 1831 அக்டோபரில் மாவட்ட ஆட்சித் தலைவர் முன்னிலையில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பட்டியலும் தயாரானது. ஆனால் வியாபாரிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க முடியாது என்றார்கள்.

நவம்பர் 21-ஆம் தேதி குருவா-ரூஸ் மேட்டிலிருந்து கனூக்கள் இறங்கி வந்தார்கள். 'உழைத்து வாழ்வோம், இல்லையேல் போராடிச் சாவோம்' என்பது அவர்கள் கறுப்புக் கொடியில் எழுதியிருந்த வாசகம். இரண்டு நாள் சண்டையில் இரு பக்கமும் நிறையப் பேர் செத்தார்கள். படை பின்வாங்கியது, நகரமே நெசவாளர் கைக்கு வந்தது. கொள்ளை நடக்காமல் அவர்களே காவல் நின்றார்கள். டிசம்பர் 3-ஆம் தேதி 20,000 துருப்புகளோடு மார்ஷல் சூல்த் வந்து சேர்ந்தார். கூலிப் பட்டியல் ரத்தானது. அதைத் தயாரிக்க உதவிய ஆட்சித் தலைவரும் பதவி இழந்தார். 1834-இல் மறுபடியும் கிளர்ச்சி நடந்தது, அதையும் ரத்தத்தில்தான் அடக்கினார்கள். அதன் பிறகு வியாபாரிகள், நகரத்துத் தறிக்காரரிடம் பேரம் பேசுவானேன் என்று, சுற்று வட்டாரக் கிராமங்களுக்கு வேலையைக் குறைந்த கூலிக்குக் கொண்டு போனார்கள். இங்கே நாம் கொஞ்சம் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். மேல்நாட்டு மென்பொருள் வேலை நம் ஊருக்கு வந்ததும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான். அவர்களுக்கு நாம்தான் அந்தக் கிராமம்.

இப்போது லாஸ்பேட்டைக்கு வருகிறேன். என் தங்கை மகன் அங்கே வீட்டு மாடியில் இருந்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வெப்சைட்டும் சின்னச் சின்ன மென்பொருளும் செய்து கொடுக்கிறான். கம்ப்யூட்டர், இன்டர்நெட், இன்வெர்ட்டர் எல்லாம் அவன் செலவு. "வேலை போச்சாடா?" என்று கேட்டேன். "வேலை போவல மாமா, ரேட்டுதான் போச்சு" என்றான். முன்பு முழு வேலையையும் அவனிடம் கொடுத்தவர்கள், இப்போது செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி அனுப்பி, 'சரி பார்த்துக் கொடுத்தால் போதும்' என்கிறார்களாம். சரி பார்ப்பதுதானே என்று மூன்றில் ஒரு பங்கு கூலி. "அடுத்தவன் எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கிறது, நானே எழுதுறத விட சில நேரம் அதிக வேலை மாமா. அப்புறம் தப்பு வந்தா பேர் என்னுது" என்றான். பைல் நோட்டு எழுதிய எனக்கு அது உடனே விளங்கியது. வேறொருவர் தயாரித்த வரைவில் கையெழுத்துப் போடுபவனுக்குத்தானே பொறுப்பு!

இந்தக் கருவிகள் பெரிதாகப் பேசப்பட ஆரம்பித்தது 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு. அதற்குப் பின் அப்வொர்க் என்ற இணைய வேலைச் சந்தையை அமெரிக்க ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். எழுத்துப் பணி செய்யும் ஃப்ரீலான்சர்களுக்குக் கிடைத்த வேலை எண்ணிக்கை சுமார் 2 சதவீதமும் மாத வருமானம் சுமார் 5 சதவீதமும் குறைந்திருந்தன. வேலையைவிட வருமானம் அதிகம் இறங்கியது என்பதைப் பாருங்கள். திறமைசாலி தப்பித்துக்கொள்வார் என்று நாம் ஆறுதல் சொல்கிறோம் அல்லவா? நல்ல பெயர் எடுத்தவர்களுக்கும் அடி விழாமல் இல்லை என்றே அந்த ஆய்வு சொன்னது. 1831-இல் லியோனில் நெய்தவர்களும் உலகத்திலேயே சிறந்த கைக்காரர்கள்தான்.

இதை நான் சிறிய அளவில் நேரில் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் தட்டச்சர்கள் இருந்தார்கள். வாசலுக்கு எதிரே, மர பெஞ்சில் ரெமிங்டன் மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுக்கும் ஜாப் டைப்பிங்காரர்களும் இருந்தார்கள். விரல் வேகத்தில் வெளியே இருந்தவர்கள் ஒரு படி மேல். கணினி வந்தது. உள்ளே இருந்தவர்களைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள், சம்பளம் நிற்கவில்லை, பலர் பதவி உயர்வும் பென்ஷனும் பெற்றார்கள். வெளியே இருந்தவர்களுக்குப் பக்கக் கூலி முதலில் பாதியானது. பிறகு மனுக்கள் கணினிக் கடைக்குப் போய்விட்டன. ஒருநாள் பெஞ்சும் இல்லை. இரு பக்கமும் வந்தது ஒரே இயந்திரம். உள்ளே இருந்தவருக்குப் பணிப் பதிவேடு இருந்தது, வெளியே இருந்தவருக்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கூலியை யார் நிர்ணயிக்கிறார்கள், உழைப்பவர்களுக்கு ஒரே குரல் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் இயந்திரம் வரமாகிறது அல்லது சாபமாகிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. 1936 ஜூலை 30-ஆம் தேதி சவானா மில்லில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் நமக்கு வந்தன. ஆனால் அவர்களுக்கு ஒன்று இருந்தது: மில் கேட். சங்கு ஊதினால் எல்லோரும் ஒரே வாசலில் நிற்பார்கள். கனூக்களுக்கும் ஒரு மேடு இருந்தது, ஒரே தெருவில் தறிச் சத்தம் கேட்டது. என் தங்கை மகனுக்கு மில் கேட்டும் இல்லை, மேடும் இல்லை. அவனோடு அதே வேலைக்கு விலை சொல்பவர் மணிலாவில் இருக்கிறாரா, லாகோசில் இருக்கிறாரா என்பதே அவனுக்குத் தெரியாது.

வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்களும் படத்துக்குப் படம் ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்கள்தான். 2023-இல் அவர்களுடைய சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கம்பெனி கட்டாயப்படுத்தக் கூடாது, அது எழுதியதைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். இயந்திரத்தைத் தடை செய்யவில்லை. இயந்திரம் வந்தாலும் கூலி இறங்காதபடி காகிதத்தில் கட்டினார்கள். கனூக்கள் கேட்ட தரீஃப் இதுதான். நம் நாட்டிலும் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் 'கிக் தொழிலாளர்' என்ற சொல் ஏறிவிட்டது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2025 நவம்பர் 21, கனூக்கள் மேட்டிலிருந்து இறங்கிய அதே தேதி. ஆனால் அந்தச் சட்டம் கூலிக்குக் கீழ் வரம்பு எதுவும் சொல்லவில்லை.

அதுவரை என்ன செய்வது? தங்கை மகனுக்கு ஒரு பழைய குமாஸ்தா என்ற முறையில் மூன்று யோசனை சொன்னேன். சரி பார்க்கும் வேலைக்கு மொத்தக் கூலி பேசாதே, மணிக் கணக்கில் பேசு. இயந்திரம் செய்த தப்புக்கு யார் பொறுப்பு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்கு. மூன்றாவது, உன்னைப் போல இந்த ஊரில் இருப்பவர்களைத் தேடிப் பிடி. இருபது பேருக்கு மேல் சங்கம் கூடாது என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டம் சொன்னபோது, கனூக்கள் இருபது பேருக்குள் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள். 'எக்கோ த லா ஃபப்ரீக்' என்று தங்களுக்காக ஒரு பத்திரிகைகூட நடத்தினார்கள். யார் எவ்வளவு கூலி கொடுக்கிறார்கள், யார் ஏமாற்றுகிறார்கள் என்பது ஒருவருக்கொருவர் தெரிந்தாலே பாதி பலம் வந்துவிடும். இன்று அதற்குத் தடையும் இல்லை, கையில் வாட்ஸ்அப்பும் இருக்கிறது.

உங்கள் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு பிள்ளை இரவெல்லாம் விளக்கை எரிய விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 'வேலை இருக்கிறதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'போன வருஷம் இதே வேலைக்கு என்ன கொடுத்தார்கள்?' என்றும் கேளுங்கள்.