நெல் வகுத்த வழி: தஞ்சையில் ஒரு நாள் பயணத்தின் முன்வரலாறு

தஞ்சாவூரை ஒரே நாளில் பார்த்துவிட எண்ணி வருவோரின் திட்டம் பெரும்பாலும் ஒரே வரிசையில் அமைகிறது: கல் சுடத் தொடங்குமுன் பெரிய கோயில், அதன்பின் அரண்மனை, கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம், வெயில் தாழ்ந்ததும் கல்லணை அல்லது திருவையாறு. இதில் நகரமே பார்க்க வேண்டிய இடமாகவும், வயல்வெளி வண்டியின் சன்னல் வழியே கடந்துபோகும் பச்சையாகவும் கொள்ளப்படுகிறது. நகரையும் நாட்டுப்புறத்தையும் இவ்வாறு பிரித்துக் காண்பது தஞ்சையின் நெடிய வரலாற்றோடு பொருந்தாது.

இதற்கு முதற் சான்று பெரிய கோயிலின் சுவர்களே. முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் குடமுழுக்குச் செய்வித்த அக்கோயிலின் கல்வெட்டுகளில், எந்த ஊர் காணிக்கடனாக, அதாவது நிலவரியாக, எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பது ஊர் ஊராகக் குறிக்கப்பட்டுள்ளது. அந்த நெல்லை அளக்க இறைவன் பெயரால் ‘ஆடவல்லான்’ என்று வழங்கிய மரக்கால் ஒன்றும் இருந்தது. கோயிலில் ஆடவும் பாடவும் பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, அழைத்துவரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வகுக்கப்பட்டன. ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால் ஆகையால், அவர்கள் பொருட்டு மட்டும் ஆண்டுதோறும் 40,000 கலம், அதாவது 4,80,000 மரக்கால் நெல் அளக்கப்பட வேண்டியிருந்தது. நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில் ஈழத்து ஊர்களும் இடம்பெறுகின்றன. விமானத்தை அண்ணாந்து பார்க்கும் கண் சற்றே தாழ்ந்து அடித்தளத்தின் எழுத்து வரிசைகளில் நின்றால், அங்கே எழுதப்பட்டிருப்பது ஒரு வயல்வெளியின் கணக்கு என்பது விளங்கும்.

பின்னாளில் தஞ்சையை மராத்தியர் ஆண்ட காலத்தில் பயணத்தையே தாங்கி நின்றவை சத்திரங்கள். சத்திரம் என்பது வழிப்போக்கருக்கு விலையின்றி உணவும் உறைவிடமும் தந்த அறநிலையம். இதன் செலவுக்கு ஊர்களும் நிலங்களும் மானியமாக விடப்பட்டிருந்தன. காசியிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர் தஞ்சை நாட்டைக் கடந்தே சென்றனர் என்பதால், அந்த நெடுவழியில் அரச குலத்துப் பெண்களின் பெயரால் சத்திரங்கள் எழுந்தன. நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும், இரண்டாம் சரபோசி மன்னர் தம் அன்புக்குரிய முக்தாம்பாளின் நினைவாக ஒரத்தநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய சத்திரமும் இவற்றுள் அடங்கும். 1799இல் நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறி, மன்னரின் அதிகாரம் கோட்டை அளவில் சுருங்கியபோது, எதை இழந்தாலும் சத்திரங்களை இழக்கலாகாது என்று சரபோசி உறுதியாக நின்றார். 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு, அதாவது அரசவையில் இருந்த கம்பெனிப் பிரதிநிதிக்கு, அவர் எழுதிய கடிதம் அந்நிலையங்களின் நடைமுறையை விரிவாகச் சொல்கிறது. எல்லாச் சாதியாருக்கும், பக்கிரிகள் உள்ளிட்ட எல்லாச் சமயத்து யாத்திரிகருக்கும் அங்கே சோறு உண்டு. சமைத்த சோறு கொள்ளாதவருக்கு அரிசியும் பிற பண்டங்களும் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உளரேல் வருக என்று கூவி அழைப்பர். நோயுற்றவருக்கு மருத்துவரும், பேறுகாலப் பெண்களுக்குத் தனிக் கவனிப்பும், பிள்ளைகளுக்கு ஆசிரியரும் இருந்தனர். தஞ்சையின் பெருமையாகக் கோபுரங்களைச் சொல்வோர் இந்த மணியோசையையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். விளைந்த நெல் வழிப்போக்கரின் இலை வரை சென்று சேர்ந்தது இச்சத்திரங்களின் வழியாகவே.

காட்சி காண்பதையே நோக்கமாகக் கொண்ட பயணம் இந்த யாத்திரைப் பயணத்தின் பக்கத்திலேயே தோன்றியது. ஆங்கிலேய ஓவியர்களான தாமசு டேனியலும் வில்லியம் டேனியலும் 1792இல் தென்னாட்டில் பயணம் செய்து பெரிய கோயிலை வரைந்தனர். பேராயர் ஈபர் 1826இல் இங்கு வந்து சரபோசியைச் சந்தித்தார். ஆயினும் பயணத்தின் அளவையே மாற்றியது இருப்புப்பாதைதான். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை 1861இலும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளி வரை 1862இலும் ரயில் ஓடத் தொடங்கியபின், பல நாள் நடையும் இடையிடையே சத்திரத்துத் தங்கலுமாக இருந்த வழி சில மணி நேரமாகக் குறுகியது. ஒரு நாளில் பார்த்துத் திரும்பத்தக்க நகரமாகத் தஞ்சை ஆனதும், வழியிலிருந்த ஊர்கள் வெறும் நிலையப் பெயர்களாகச் சுருங்கியதும் ஒருங்கே நிகழ்ந்தன.

நாட்டுப்புறத்தைச் சுற்றிவரும் பயணத்துக்கு ரயிலுக்கும் முந்திய உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு. அது ஏழூர்த் திருவிழா, அல்லது சப்தஸ்தானம். சித்திரை மாதத்தில் திருவையாற்று ஐயாறப்பர் பல்லக்கில் எழுந்தருளித் திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, தில்லைஸ்தானம் ஆகிய ஊர்களுக்குச் சென்று மறுநாள் திரும்புவார். செல்லும் ஒவ்வோர் ஊரின் இறைவரும் தம் பல்லக்கில் உடன் சேர்ந்துகொள்வார். நந்திதேவரின் திருமணத்துக்குப் பழம், சோறு, பூ, நெய் என்று ஒவ்வொன்றாகத் தந்து உதவிய ஊர்களுக்கு நன்றி சொல்லும் பயணம் இது என்பது தலவரலாறு. காலத்தேர்வு கருதத்தக்கது. சித்திரையில் அறுவடை முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும். ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் தெரியும். ஆகவே பல்லக்கும் உடன் நடப்போரும் ஆற்றைக் காலால் கடக்க முடியும். உழவரின் ஓய்வுக்காலமும் ஆற்றின் வறள்காலமும் கூடும் நாளையே ஊர்சுற்றும் நாளாக வகுத்த பட்டறிவு, எந்த வழிகாட்டி நூலுக்கும் குறைந்ததன்று.

இக்காலப் பயணி விரும்பும் கல்லணையும் இந்த நெல்லோடு சேர்த்துப் படிக்க வேண்டியதே. கரிகாலச் சோழனின் பெயரோடு மரபு இணைக்கும் அவ்வணையின் பயன் நீரைத் தேக்குவதில் இல்லை. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையினும் தாழ்ந்தது. அவ்விடத்தில் தடுக்காவிட்டால் காவிரியின் நீர் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்குப் போய்விடும். அந்தச் சரிவை மறித்து நீரைக் கிழக்கே வயல்களுக்குத் திருப்புவதே அணையின் பணி. ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் மேலணை கட்டியதும், 1934இல் மேட்டூர் அணையோடு கல்லணைக் கால்வாய் வந்ததும் இதன் தொடர்ச்சி. மேட்டூர் நீர் மரபாகத் திறக்கப்படும் சூன் 12க்குப் பின் வருவோர் நாற்றங்கால்களையும் குறுவை நடவையும், ஐப்பசி, கார்த்திகையில் வருவோர் பச்சைக் கடலான சம்பாவையும், தை மாதத்தில் வருவோர் களத்தில் குவிந்த நெல்லையும் காண்பர். கோடையில் வருவோருக்குக் கல்லணையில் மணற்பரப்பே மிஞ்சும். ஏழூர் விழா அவர்களுக்குரியது.

நாளின் கடைசிப் பகுதிக்குத் தஞ்சையிலிருந்து வடக்கே திருவையாறு செல்லும் சாலை மிகப் பொருத்தமானது. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகள் சில கல் தொலைவுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கிடுகின்றன. ஊரின் பெயருக்கே இவ்வைந்தும் காரணம் என்பர். ஐந்தாவது பாலத்தைக் கடந்து புஷ்ய மண்டபப் படித்துறையில் இறங்கினால், காவிரிக் கரையில் கருநாடக இசை மேதை தியாகராசரின் சமாதி அருகிலேயே இருக்கிறது. 1847இல் மறைந்த அவருடைய சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கடந்துவந்த அந்தப் பாலங்களின் இருபுறமும் உள்ளவை போன்ற வயல்களில் விளைந்ததே, கோயிற் கல்லில் கலமும் மரக்காலுமாகக் கணக்கேறிய நெல்.