தற்புகழ்ச்சி தகும் நான்கு இடங்கள்: கூடைப்பந்து வீரரின் நடப்பைக் கிழக்குக் கரையிலிருந்து பார்த்தல்

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய மைதானம் ஒன்றில், பந்தைக் கூடைக்குள் போட்டவன் நெஞ்சில் அடித்துக்கொண்டு பார்வையாளரைப் பார்த்து ஓடி வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனைச் சொல்ல இங்கே சொற்களுக்குக் குறைவில்லை. ‘நடப்புக் காட்டுறான்’ என்பார் ஒருவர். ‘லெவல் காட்டுறான்’ என்பார் இன்னொருவர். மூத்தவர்கள் ‘தலைக்கனம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் இளைஞனோ, தமிழகத் திரைப்படம் கொண்டுவந்து சேர்த்த ‘கெத்து’ என்ற சொல்லை எடுப்பான். செயல் ஒன்றுதான். அதைக் குற்றமாக்குவதும் அழகாக்குவதும் பார்ப்பவரின் சொல். அந்தச் சொல் எப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கூடைப்பந்தின் வரலாற்றையும் இலங்கைக் கிரிக்கெட்டின் சில நிகழ்வுகளையும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரை.

இந்தக் கேள்விக்கான அளவுகோல் தமிழிலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், எத்தனை துறைகளில் தேர்ந்தவனாயினும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று முதலில் விலக்குகிறது. அடுத்த நூற்பாவிலேயே நான்கு விதிவிலக்குகளைத் தருகிறது: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவரிடையே நிற்கும்போது, அவையில் வாதிட்டு வெல்லும் வேளையில், எதிராளி தன்னைப் பழித்தபோது. புலவர்களுக்காகச் சொன்ன விதி இது. ஆனால் ஓலையை மட்டும் விட்டுவிட்டால் மற்ற மூன்றும் விளையாட்டுத் திடலுக்கு அப்படியே பொருந்துகின்றன. போர்க்களத்துக்கும் தமிழ் மரபு இப்படி ஓர் இடம் ஒதுக்கியிருந்தது. வீரன் தன் திறத்தைத் தானே எடுத்துரைப்பதைப் புறத்திணை இலக்கணம் ‘நெடுமொழி’ என்று தனித் துறையாகவே வகுத்தது. கிழக்கின் கூத்துக் களரியில் அரசனும் வீரனும் தம் பெருமையைத் தாமே பாடி ஆடி வருகிறார்கள். விடியும்வரை கண்விழித்திருக்கும் ஊர் அதைத் திமிர் என்று சொன்னதில்லை. தமிழ்ப் பண்பாடு அடக்கத்தை மட்டுமே போற்றியது என்பது பாதி உண்மைதான்.

கூடைப்பந்து இங்கே வந்த வழி வேறு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரையின் கீழ் மாணவரை ஆடவைப்பதற்காக 13 விதிகளோடு இந்த ஆட்டத்தை உருவாக்கினார். உடலை வளர்ப்பதோடு ஒழுக்கத்தையும் வளர்ப்பது அந்த இயக்கத்தின் குறிக்கோள். அதே கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். கிழக்கிலங்கையில் இந்த ஆட்டம் வேரூன்றியதில் இயேசு சபைக் குருக்களின் பங்கு பெரிது. 1893இல் அமைக்கப்பட்ட திருகோணமலை மறைமாவட்டம் முதலில் பிரெஞ்சு இயேசு சபையினரிடம் இருந்தது. பின்னர் அமெரிக்காவின் நியூ ஒர்லியன்ஸ் மாகாணச் சபையினர் வந்து சேர்ந்தார்கள். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனி அந்த மாகாணத்தைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டு வந்தவர்களில் ஒருவர் லூசியானாவில் பிறந்த அருட்தந்தை யூஜின் ஹீபர்ட். மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தை வளர்த்த பயிற்றுநராகவே பலர் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 15ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், உடன் சென்ற தமிழ் இளைஞனோடு காணாமல்போனார். இன்றுவரை அவர் திரும்பவில்லை. விளையாட்டைப் பற்றி எழுதும்போதும் இதைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

ஆக, நம் பிள்ளைகளிடம் வந்த கூடைப்பந்து குருமார் கையால் வந்தது. வெற்றியில் அடக்கம், தோல்வியில் கைகுலுக்கல், நடுவர் சொல்லே இறுதிச் சொல். கடற்படைத் தளமாக 1957 வரை பிரித்தானியர் வசமிருந்த திருகோணமலைத் துறைமுக நகருக்கு இந்த ஒழுங்கு ஏற்கெனவே பழக்கமானது.

ஆனால் அதே காலத்தில், ஆட்டம் பிறந்த நாட்டில் அது முற்றிலும் வேறொரு திசையில் போய்க்கொண்டிருந்தது. உயரே எழும்பிப் பந்தைக் கூடைக்குள் அறைந்து திணிக்கும் ‘டங்க்’ கறுப்பின வீரர்களின் கையில் ஒரு கலையாயிற்று. 1967இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நிர்வாகம் அதைத் தடைசெய்தது. பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்த லூ அல்சிண்டர் அப்போது யூ.சி.எல்.ஏ. அணியின் மாணவர். டங்க் போடுபவரில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் என்பதால் அந்தத் தடையில் பாகுபாடு இருப்பதாக அவர் வெளிப்படையாகவே சொன்னார். தடை நீங்க 1976 ஆயிற்று. அதே 1976 ஜனவரியில், தேசியக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.வுக்குப் போட்டியாக இயங்கிய ஏ.பி.ஏ. டென்வரில் டங்க் போட்டி ஒன்றை நடத்தியது. ஃப்ரீ த்ரோ கோட்டருகிலிருந்து பறந்துபோன ஜூலியஸ் எர்விங் அதை வென்றார். தொலைக்காட்சி வாய்ப்பும் பணமும் குறைந்த லீக்கின் வீரர்கள், தம்மை அறியாத நாட்டுக்குத் தம்மைக் காட்டினார்கள். நன்னூலின் இரண்டாவது இடம் இதுதான் என்று நான் படிக்கிறேன்.

அதன்பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் பார்வையாளரின் பொறுமைக்கு ஓர் எல்லையைச் சோதித்தார்கள். டாரில் டாக்கின்ஸ் தன் டங்க்குகளுக்குத் தானே பெயர் சூட்டினார். 1979இன் பிற்பகுதியில் சில வார இடைவெளியில் இரண்டு கண்ணாடிப் பலகைகளை நொறுக்கினார். கூட்டம் சிரித்தது, கொண்டாடியது. சங்கம் மடங்கிக் கொடுக்கும் வளையங்களுக்கு மாறியது. 1994 ஜூன் 1ஆம் நாள் நியூயார்க்கில், கடைசிக் கால் பகுதியில் மட்டும் 25 புள்ளிகள் எடுத்த ரெஜி மில்லர், வரிசையோரம் தன்னை ஏசிக்கொண்டிருந்த திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீயைப் பார்த்துத் தன் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். நியூயார்க் ரசிகர்களுக்கு அவர் வில்லன். ஆனாலும் எதிராளி பழித்தபோது சொன்ன மறுமொழி அது. ஆட்டத்தையும் அவரது அணியே வென்றது. இன்று அந்த நகரத்தார் அதைச் சொல்லும்போது கோபத்தோடு ஒரு மரியாதையும் கலந்திருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது டிக்கெம்பே முட்டோம்போவின் விரல். கொங்கோவில் பிறந்த இந்த 7 அடி 2 அங்குல வீரர், எதிராளியின் எறியைத் தடுத்ததும் ‘என் வீட்டில் இது நடக்காது’ என்பதுபோல் சுட்டுவிரலை ஆட்டுவார். எதிராளியின் முகத்துக்கு நேரே அதைச் செய்தால் தண்டனை என்று என்.பி.ஏ. விதித்தது. அவர் விரலை மடக்கவில்லை. பார்வையாளர் பக்கம் திருப்பி ஆட்டினார். தண்டனையும் இல்லை, ரசிகரின் அன்புக்கும் குறைவில்லை. நம் இலக்கணச் சொற்களில் சொன்னால், முன்னிலையில் இருந்த செயல் தன்மைக்கு மாறியது. நன்னூல் அனுமதித்தது தன்னைப் புகழ்வதைத்தான். பிறரை இகழ அது இடம் தரவில்லை. இந்தக் கோட்டைத்தான் அமெரிக்க விதிப்புத்தகம் எழுநூறு ஆண்டு கழித்து வேறு வழியாக வந்து தொட்டது.

இலங்கைப் பார்வையாளரிடம் இதே கோடு தென்படுகிறதா? 1999 ஜனவரி 23, அடிலெய்டில் இங்கிலாந்துக்கு எதிரான கிரிக்கெட் ஆட்டம். நடுவர் ரோஸ் எமர்சன் முத்தையா முரளிதரனின் பந்தை எறிபந்து என்று அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசினார். அணியை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்றார். அவுஸ்திரேலியப் பார்வையாளருக்கு அது ஆணவத்தின் உச்சம். இலங்கையில் அது தலைவனின் கடமை. இங்கிலாந்து எடுத்த 302 ஓட்டங்களைத் துரத்தி ஒரு விக்கெட்டால் இலங்கை வென்றபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. ஒரு தமிழ்ப் பந்துவீச்சாளனுக்காகச் சிங்களத் தலைவன் நீட்டிய விரலை நாடு எப்படிப் பார்த்தது என்பது விளையாட்டைத் தாண்டிய கேள்வி. அது தனி ஆய்வைக் கேட்கிறது.

2018 மார்ச்சில் கொழும்பில் நடந்த நிதஹாஸ் கிண்ணம் இன்னும் தெளிவான சான்று. 10ஆம் நாள் 215 ஓட்ட இலக்கை எட்டியதும் பங்களாதேஷின் முஷ்பிகுர் ரஹீம் பாம்பாட்டம் ஆடினார். 35 பந்தில் 72 அடித்தவன் வென்ற வேளையில் ஆடியது, பொறுத்துக்கொள்ளக்கூடியதே. ஆனால் 16ஆம் நாள் நிலை மாறியது. நோபால் தகராறில் ஷாகிப் அல் ஹசன் தன் துடுப்பாட்டக்காரரை வெளியே வரச் சொல்லிச் சைகை காட்டினார். மஹ்முதுல்லாவின் ஆறு ஓட்டத்தோடு வெற்றி வந்ததும் மைதானம் நிறையப் பாம்பாட்டம். உடைமாற்றும் அறையின் கண்ணாடிக் கதவும் உடைந்தது. இரண்டு நாளில், இலங்கை இல்லாத இறுதிப்போட்டிக்கு வந்த கொழும்புக் கூட்டம் இந்தியாவின் பக்கம் நின்றது. தமிழகத்துத் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தை ஆறாக அடித்து, 8 பந்தில் 29 ஓட்டங்களோடு வென்றபோது அரங்கமே பாம்பாட்டம் ஆடியது. ரோஹித் சர்மா இலங்கைக் கொடியோடு மைதானத்தைச் சுற்றினார். கேலியால் காயப்பட்ட கூட்டம் அதே கேலியைக் கையில் எடுத்துக்கொண்டதை இங்கே காண்கிறோம்.

2025 செப்டம்பரில் அபுதாபியில் நடந்த ஆசியக் கிண்ண ஆட்டம் இதற்கு மறுபக்கம். பாகிஸ்தானின் அப்ரார் அகமது, வனிந்து ஹசரங்கவை வீழ்த்தி அவருடைய கொண்டாட்டத்தையே செய்துகாட்டினார். ஹசரங்க தன் முறை வந்தபோது அப்ராரின் தலையசைப்பைத் திருப்பிக் கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் கட்டித் தழுவினர். அந்தத் தழுவலுக்குப் பின் ரசிகர்களுக்குச் சண்டை பிடிக்கக் காரணம் இல்லாமல் போயிற்று.

இதுவரை சொன்னவற்றால் விதி தெளிவாகிவிட்டதுபோல் தோன்றலாம். 2023 ஏப்ரல் 2 அதைக் குலைக்கிறது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதியில் லூசியானா அணி அயோவாவை 102–85 என்று வென்றது. கறுப்பின வீராங்கனை ஏஞ்சல் ரீஸ், முகத்தின் முன் கையை அசைக்கும் சைகையைக் கெய்ட்லின் கிளார்க்கை நோக்கிச் செய்தார். முந்தைய ஆட்டம் ஒன்றில் வெள்ளையினத்தவரான கிளார்க்கே அந்தச் சைகையைச் செய்து பாராட்டுப் பெற்றிருந்தார். ரீஸுக்குக் கிடைத்ததோ வசை. கிளார்க்கே முன்வந்து, ரீஸைக் குறை சொல்லக்கூடாது என்றார். இங்கே தன்மையா முன்னிலையா என்பது கேள்வியே இல்லை. யார் செய்தார் என்பதுதான் பார்க்கப்பட்டது. நன்னூலின் விதிக்கு வெளியே ஒரு விதி இருக்கிறது: செய்தவர் நம்மவரா என்பது. அல்சிண்டர் 1967இல் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மைதானத்தின் சுற்றுவேலியில் சாய்ந்து நிற்கும் திருகோணமலையில் இந்த வெளிவிதியை மறந்து ‘நடப்பு’ என்ற சொல்லை ஆராய முடியாது. கிண்ணியாப் பையனின் உயர்த்திய கை, மூதூரான் கண்ணுக்கும் உவர்மலையான் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிவதில்லை. அதே பையன் மாவட்ட அணிக்குத் தேர்வாகிக் கொழும்பில் போய் ஆடும்போது அந்த இருவரும் ஒரே பக்கம் நின்று கத்துவார்கள். அங்கே அவனை அறிந்தவர் யாருமில்லை. அவன் கையை எவ்வளவு உயர்த்தினாலும் திருகோணமலையில் அதற்குப் பெயர் கெத்து.